ஒளித்து வைத்த சுவிட்ச்

படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்துக் கட்டிய எங்கள் வேனை யாராவது கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில், சீட்டுக்கடியில் ஒரு சுவிட்சை ஒளித்து வைத்திருந்தேன். அதைப் போட்டால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். அப்படியும் மனசு அடங்காது. மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்கும்போதும் கண் வண்டி மேலேயே இருந்தது.

அங்கே ஒருவர், "ஏனுங்க, உள்ள பாக்கலாமுங்களா?" என்றார். இவ்வளவு மரியாதையாகக் கேட்பவரிடம் எப்படி மறுப்பது? சுற்றிக் காட்டினேன்.

"திருடு போயிராதுங்களா?"

பெருமையோடு சுவிட்சையும் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "எல்லாருத்துக்கும் இதக் காட்டுவீங்களா?"

"சூலூர்லயும் காட்டிப்போட்டாருங்க" என்றாள் என் மனைவி.

அன்றே சுவிட்சை இடம் மாற்றினேன். ஆனால் இன்றும் யாராவது 'ஏனுங்க' என்றால், கை தானாக அந்தப் புது இடத்தைக் காட்ட நீள்கிறது.