நானாகத் தூக்கிச் செருகிய புடவை

ஏரியில் இறால் பிடிக்கும்போது கெளுத்தி மீனின் முள் என் தொடையில், மேலே உள்பக்கமாகக் குத்திவிட்டது. எந்த நேரத்தில் குத்தியதோ! மூன்றாம் நாள் வீங்கிச் சீழ் வைத்து, காய்ச்சலும் வந்தது. ஏரியில் இறங்காமல் எத்தனை நாள் பிழைக்க முடியும்? படகு ஏறி, பஸ் பிடித்து, வீட்டுக்காரரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அன்றைக்கு இருந்தது ஆண் டாக்டர். சின்ன வயசு. நர்ஸ் என்னைக் கட்டிலில் ஏறிப் படுக்கச் சொன்னாள்.

"லேடி டாக்டர் வரட்டும், காட்றேன்" என்றேன்.

"அவங்க திங்கக்கெழமதான் வருவாங்க. அதுவரைக்கும் காலு இருக்குமா?"

வீட்டுக்காரரும், "காமிச்சுட்டு வாம்மே, ஜொரம் வேற கொதிக்குது" என்றார். எனக்கும் பயம்தான், பொய் சொல்வானேன்? ஆனாலும் வாசலைவிட்டு நகரவில்லை.

நர்ஸ் சிரித்தாள். "இன்னாம்மா, புதுசா வெக்கம்? நாள் பூரா ஏரியில ஆம்பளைங்க பக்கத்துல தொடை தெரிய உக்காந்து எறா தடவுறீங்க. பஸ்ஸுல வரப்போ பாத்துட்டுதான வரேன்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வேலையைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? தண்ணீரில் உட்கார்ந்து, பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறோம். இரண்டு பக்கமும் ஆண்கள்தான். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிற வழக்கமே கிடையாது. எவனாவது பார்த்தால், மறுநாள் அவன் எங்களோடு தண்ணீரில் இறங்க முடியாது.

"ஏரியில நானா தூக்கிச் சொருவுறேன். இங்க நீ தூக்கச் சொல்ற. ரெண்டும் ஒண்ணா?" என்று கத்தினேன். "காலு போனாலும் போவட்டும். நீயும் பொம்பளதான? நீ கீறு. டாக்டரு திரைக்கு அந்தாண்ட நின்னு சொல்லட்டும்."

டாக்டர் எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அப்படியே செய்யலாம், சிஸ்டர்" என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டு வெளியே நின்றார். அவர் கேட்கக் கேட்க அவள் பார்த்துச் சொன்னாள். அவர் சொன்னபடி கீறினாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒடிந்த முள் ஒன்று உள்ளேயே இருந்திருக்கிறது.

கட்டுப் போடும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. "என் பிரசவத்துல நானும் ஆம்பள டாக்டர் வேணாம்னுதான் சொன்னேன்க்கா. எல்லாரும் சிரிச்சாங்க."

பாவமாகத்தான் இருந்தது. அதற்காகக் கோபம் ஆறிவிடுமா?

"அது தெரிஞ்சுமா என்னைப் பாத்து சிரிச்ச?" என்றேன்.