மூன்றாவது துடுப்படி

கனடாவில், பிக்கரிங் நகரில் ஒரு பிறந்தநாள் விருந்தில் என் கணவர் தன் பல் உடைந்த கதையை மறுபடியும் அவிழ்த்துவிட்டார். போன கோடையில் மத்தியதரைக் கடற்கரை ஹோட்டலுக்குப் போனோமாம், கடலில் துடுப்புப் பலகை ஓட்டினாராம், ஒரு அலை அந்தப் பலகையைத் தூக்கி அவர் வாயில் அடித்ததாம். நான் பக்கத்தில் நின்று ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். அலை பாவம். அடித்தது நான்.

அன்று கரையில் சிவப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள். யாரும் கடலில் இறங்கக்கூடாது என்று பொருள். இவர் எங்கள் ஊர் ஸ்காபரோவில் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். கொடியேறிவிட்டது, இனித் திருவிழாதானே என்று பகிடி விட்டார். கரையில் கவிழ்ந்து கிடந்த, ஏறி நின்று துடுப்புப் போடும் பலகை ஒன்றை இழுத்துக்கொண்டு, உயிர்காப்புச் சட்டைகூடப் போடாமல் இறங்கினார். காற்று அவரை ஆழத்துக்குத் தள்ளியது. பலகை ஒரு பக்கம் போக, இவர் தண்ணீரில் விழுந்தார்.

கடலில் விழுந்தவர்களைக் காப்பாற்றும் காவல்காரன் கரையின் மறுகோடியில் நின்றான். கத்திக் கூப்பிட்டுவிட்டு, உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு இன்னொரு பலகையில் துடுப்புப் போட்டு நானே போனேன். அதுவும் மடத்தனம்தான். நாற்பது வயதில் ஸ்காபரோ நீச்சல்குளத்தில் நீச்சல் படித்தவள் நான். மூழ்குகிறவனைக் கிட்ட விடாதே, நடுவில் ஏதாவது ஒரு பொருளை நீட்டு என்று அங்கே திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தார்கள். பலகையை நீட்டினேன். அவர் அதை விட்டுவிட்டு என் தலைமயிரைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தார். தோளில் ஏறி என்னை மிதித்தார். நகம் கழுத்தைக் கிழித்தது. உப்புத்தண்ணீர் மூக்கால் ஏற, நான் சாகப்போகிறேன் என்று தெரிந்தது.

துடுப்பால் அவர் தோளில் ஓங்கி அடித்தேன். பிடி தளரவில்லை. அடுத்ததை முழங்கையில் போட்டேன். "பிடியடா பலகையை" என்று கத்தினேன். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவரை 'டா' போட்டது அன்றைக்குத்தான். அவர் பலகையைப் பிடித்தார். அதற்குப் பிறகும் ஒன்று விட்டேன், வாயைப் பார்த்து. இரத்தம் வந்தது. பொய் சொல்லமாட்டேன், அந்த அடி எனக்கு இனித்தது.

காவல்காரன் படகில் வந்து எங்கள் இருவரையும் ஏற்றினான். இரத்தத்தைப் பார்த்து என்னவென்று கேட்டதற்கு, நான் வாய் திறக்குமுன் இவர் அலை என்றார். அன்று தொடங்கிய கதைதான் பிக்கரிங் வரை வந்தது.

விருந்து முடிந்து காரில் திரும்பும்போது, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"முதல் ரெண்டும் எனக்கு விளங்குது. நான் பலகையைப் பிடிச்சாப்பிறகு ஏன் அடிச்சனீர்?"

"முந்தி சென் ஜேம்ஸ் ரவுண் வீட்டிலை இருக்கேக்கை, மூத்தவள் வயித்திலை, என்னைச் சுவரோடை சேர்த்து அடிச்சியள். அதுக்கு."

அவர் ஹைவேயை விட்டு இறங்கி, ஒரு பிளாசா வாசலில் காரை நிறுத்தினார்.

"அதுக்கு உந்த ஒரு அடி காணாது" என்றார்.

போதாதுதான் என்றேன்.