சகாயமேரி அக்கா போட்ட வட்டம்

ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது. "குமாரு, அக்கா போய்ட்டா" என்றார் அந்தோணி அண்ணன், சகாயமேரி அக்காவின் கணவர். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லக்கூட நேரமில்லையாம். பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

எங்கள் கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் இருந்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெயின்ட் அடித்து வரும் காரில் தூசியோ கீறலோ இருந்தால் மெழுகுப் பென்சிலால் வட்டம் போடுவது அவர் வேலை. அந்த இடத்தைத் தேய்த்துப் பாலிஷ் போடுவது என் வேலை. "ன்னா குமாரு, கண்ண வூட்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்பார். எரிச்சலாக வரும். குனிந்து பார்த்தால் கீறல் இருக்கும்.

அப்படிப்பட்டவர் ஒரு துருப்பிடித்த சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சுங்குவார்சத்திரத்தில் ஒரு டீக்கடைக்குப் பின்னால், துணி காயப்போட்டிருந்த சைக்கிள். கைப்பிடியில் பிரேக் இல்லை. பெடலைப் பின்பக்கமாக அழுத்தினால் சக்கரம் டக்கென்று நின்றது. சக்கரத்தின் நடுவே அழுக்கைத் துடைத்தபோது ஜெர்மனி என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது தெரிந்தது. "எடம் அடைச்சிக்கினு கீது, எடுத்துக்கினு போம்மா" என்றார் கடைக்காரர். இனித் துணியை எங்கே போடுவார் என்று கவலைப்பட்டு, அக்கா அவருக்கு நைலான் கயிறு வாங்கிக் கொடுத்தார்.

எனக்குக் கை அரித்தது. "ஒரு ஞாயித்துக்கெழம குடுக்கா, புதுசாக்கித் தரேன்" என்றேன்.

"கிட்ட வந்தே, கைய ஒடச்சிருவேன். நாம தெனம் பாக்குறதெல்லாம் இன்னிக்குப் பொறந்த வண்டி. இது ஒண்ணாவது வயசோட இருக்கட்டும்."

வெளிறிய கறுப்புப் பெயின்ட், மட்கார்டில் கையால் இழுத்த தங்கக் கோடு, வெடித்த தோல் சீட், எதையும் மாற்றவில்லை. துரு மேலும் பரவாமல் எண்ணெய் தொட்ட துணியால் ஒற்றி எடுப்பார், அவ்வளவுதான். மழைக்காலத்தில் சைக்கிள் கூடத்துக்கு வந்துவிடும். அந்தோணி அண்ணன் முனகிக்கொண்டே சுற்றி நடப்பார்.

ஒரு ஆயுத பூஜைக்கு அதைக் கம்பெனிக்குக் கொண்டுவந்தார். பூஜைக்கு முன் எல்லா வண்டியையும் பளபளப்பாக்குவது எங்கள் வழக்கம். எங்கள் லைனில் இருந்த வேலு, அக்கா சந்தோஷப்படுவார் என்று பின் மட்கார்டில் பாலிஷ் போட்டுத் தேய்த்துவிட்டான். உள்ளங்கை அகலத்துக்குத் தங்கக் கோடு அழிந்து, அந்த இடம் மின்னியது. அக்கா திட்டவில்லை. பையிலிருந்து மஞ்சள் பென்சிலை எடுத்தார். அத்தனை துருவையும் விட்டுவிட்டு, மின்னிய இடத்தைச் சுற்றி மட்டும் வட்டம் போட்டார். "வண்டியில இது ஒண்ணுதான் ரிஜெக்ட்" என்றார். வேலு முகம் போன போக்கைப் பார்த்துப் பிறகு அவரே சிரித்துவிட்டார்.

போன வாரம் அந்தோணி அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "முப்பதாம் நாள் ஜெபத்துக்கு அவ போட்டோ பக்கத்துல நிறுத்தணும். உயிரோட இருந்தவரிக்கும் அவ பாலிஷ் போட உடல. ஒரு நாளாவது பளிச்சினு நிக்கட்டும் குமாரு."

அழுகிற மனிதரிடம் எப்படி மறுப்பது? பாலிஷ் துணியோடு உட்கார்ந்தேன். பின் மட்கார்டில் மஞ்சள் வட்டம் அப்படியே இருந்தது. அக்கா வட்டம் போட்ட எதையும் நான் விட்டுவைத்ததில்லை. அதுதான் என் பிழைப்பே. ஆனால் இந்த வட்டம் ரிஜெக்ட் செய்திருந்தது பாலிஷையே.

"முடியாதுண்ணே" என்று வட்டத்தைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். "அவ கை" என்றார். பிறகு இருவரும் அந்த இடத்தை மட்டும் தொடாமல், எண்ணெய்த் துணியால் மற்றதையெல்லாம் ஒற்றி எடுத்தோம்.

ஜெபத்தில் சைக்கிள் துருவோடுதான் நின்றது. அக்காவிடமிருந்து எனக்கு மிச்சம் என்ன என்று கேட்டால், நான் சரிசெய்யாமல் விட்ட ஒரே வட்டம்.