ருமியானாவின் மனம் ஆஸ்திரியாவுக்குப் போன கதை

“நிம்மதியா இரு” என்று யாராவது சொன்னால் போதும், ருமியானாவுக்கு உச்சந்தலை வரை எரியும். கணவன் கிரில் அதைக் காலைக் காபியோடு சொல்வான். நாத்தனார் ஸ்தேஃப்கா தொலைபேசியில் சொல்வாள். சொன்ன மாத்திரத்தில் நிம்மதி ஓடிவந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும் என்று அவர்களுக்கு நினைப்பு.

டான்யூப் நதிக்கரை ஊரொன்றின் நாடக அரங்கில் அவளுக்கு வேலை, நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பது. மேடையின் இடப்பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி, சின்ன விளக்கு, மடியில் நாடகப் பிரதி. நடிகன் தடுமாறினால் அடுத்த வரியை அவன் காதுக்கு மட்டும் எட்டுகிற மாதிரி சொல்ல வேண்டும். கண்ணும் வரியை விட்டு நகரக் கூடாது, மனமும் நகரக் கூடாது. பல வருஷம் நகரவில்லைதான். மகன் ப்ளாமென் சரக்கு லாரி ஓட்டிக்கொண்டு ஆஸ்திரியா வழியாக ஜெர்மனிக்குப் போய்வர ஆரம்பித்த பிறகுதான் வினை பிடித்தது. மழை பெய்தால் லாரி வழுக்குமே என்று பயம், வெயில் அடித்தால் தூங்கிவிடுவானோ என்று பயம். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் மண்டையில் ஒன்றும் ஏறாது.

அந்தச் சனிக்கிழமை ஆஸ்திரிய மலைப்பாதையில் பனிப்புயல் என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். மேடையில் ஒரு கல்யாண வீட்டு நகைச்சுவை நாடகம். இரண்டாம் அங்கத்தில் கதாநாயகன் வெலிஸார் பாதி வசனத்தில் நின்றுபோனான். இருமினான். மேடைக் குவளையில் தண்ணீர் ஊற்றிக் குடித்தான். திரைப்பக்கம் திரும்பி முறைத்தான். ருமியானாவின் கண்கள் பிரதியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. மனம் ஆஸ்திரியாவில் பனி அள்ளிக்கொண்டிருந்தது. திடுக்கிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். விரல் விழுந்த இடத்தில் இருந்த வரியைச் சொன்னாள்.

அது மூன்றாம் அங்கத்து வரி. வெலிஸார் அவளை நம்பித் தொப்பியைக் கழற்றி, குரல் நடுங்க மணப்பெண்ணிடம் அறிவித்தான்: “உங்க அப்பாவ நேத்துதான் புதைச்சோம், கண்ணு.”

அதே நொடியில் அந்த அப்பா, கழுத்தில் மாலைமாலையாகத் தொத்திறைச்சியைத் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே வந்து, “சாப்பிட என்னம்மா இருக்கு?” என்று கேட்டார். அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு பெண்மணி சிரித்துச் சிரித்து இருமல் வந்து வெளியே போக வேண்டியதாயிற்று.

திரை விழுந்ததும் வெலிஸார் பாய்ந்து வந்தான். “அக்கா! இத்தனை வருஷ நடிப்புல ஜனம் இப்படிச் சிரிச்சதே இல்ல. அதுவும் என் நடிப்புக்குச் சிரிக்கல, என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க!”

“வசனத்த ஒழுங்கா மனப்பாடம் பண்ணியிருந்தா எனக்கு ஏன்டா இந்தப் பாடு?”

இயக்குநர் அசென் இருவரையும் விலக்கிவிட்டு, அவளைத் தன் அறைக்கு அழைத்தார். “ருமியானா, ஒரு மாசம் லீவு எடுத்துக்கங்க. டாக்டரப் பாருங்க. நிம்மதியா இருங்க.” அவர் மேஜைமேல் கனத்த பூச்சாடி ஒன்று இருந்தது. அதை எடுத்து அவர்மேல் வீசாமல் வெளியே வந்ததே பெரிய விஷயம் என்று அவள் பின்னால் ஸ்தேஃப்காவிடம் சொன்னாள்.

ப்ளாமென் பத்திரமாகத்தான் வந்து சேர்ந்தான், அவள் படபடப்புதான் அடங்கவில்லை. மருத்துவர் லேசான மாத்திரை எழுதினார். “மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும்மா. உடம்பையும் மனசையும் சேர்த்துப் பழக்குற வகுப்பு ஒண்ணு பண்பாட்டு மன்றத்துல நடக்குது. போய்ப் பாருங்க” என்றார்.

செவ்வாய்க்கிழமை போனாள். மன்றத்து மாடியில் ஓய்வுபெற்ற பெண்கள் ஒரு கூட்டமாகப் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். நடத்துகிறவள் பெயர் மிலேனா. தேனில் முக்கி எடுத்த குரல். நல்ல காற்று வரட்டும் என்று அவள் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தாள்.

“ஐயோ, குறுக்குக் காற்று! இடுப்பு பிடிச்சுக்கும்!” என்று பாய்களெல்லாம் அலறின. கால் மணி நேரம் ஜன்னல் சண்டை. கடைசியில் எல்லாவற்றையும் மூடிவிட்டு, கண்களையும் மூடச் சொன்னாள் மிலேனா.

“மூச்ச மட்டும் கவனிங்க. உள்ளே வருது... வெளியே போகுது...”

அதுவரை மூச்சு தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது. ருமியானா கவனிக்க ஆரம்பித்ததும், மேலதிகாரி பின்னால் வந்து நின்ற குமாஸ்தா மாதிரி அதற்குக் கைகால் ஓடவில்லை. உள்ளே வந்தது, வெளியே போக மறந்தது. நெஞ்சு தட்டியது. மூச்சு நின்றுவிட்டால்? மூடிய இமைக்குள் லாரி ஒன்று பனியில் வழுக்கியது. எழுந்து உட்கார்ந்தாள்.

“எண்ணங்கள மேகம் மாதிரி நகர விடுங்க” என்றது தேன்குரல்.

“என்னோடது எல்லாம் இடிமேகம்!” என்று சொல்லிவிட்டுக் காலணியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

வீட்டில் கிரில் கேட்டான்: “என்ன சொல்லிக் குடுத்தாங்க?”

“மூச்சு விட.”

“அதுக்கு ஒரு வகுப்பா? நான் எந்த வகுப்புக்கும் போகாமலே விடுறேனே.”

அன்று அவன் தட்டில் வெறும் ரொட்டிதான் விழுந்தது.

அடுத்த செவ்வாய் அவள் போனது சண்டை போடத்தான். வகுப்பு தொடங்குமுன் மிலேனாவைப் படியிலேயே மடக்கினாள். “உங்க வகுப்பால எனக்கு நோய் கூடிப்போச்சு. இருந்த மூச்சும் நின்னுபோச்சு.”

மிலேனா கைப்பையைத் தரையில் கவிழ்த்து எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது குரலில் தேன் இல்லை. “சிலருக்கு அப்படித்தான் ஆகும்க்கா. உள்ள பார்த்தா பயம் இன்னும் பெரிசாத் தெரியும். போன வாரமே நான் உங்களக் கேட்டிருக்கணும். கண்ண மூட வேண்டாம். படுக்கவும் வேண்டாம். நடங்க.”

“நடக்க எனக்குத் தெரியும்.”

“மெதுவா. பாதம் தரையில படுறத மட்டும் பாருங்க. மனசு ஓடிப்போச்சுன்னா திட்டாம திருப்பிக் கூட்டிட்டு வாங்க.”

“எத்தன தடவ?”

“எத்தன தடவ ஓடுதோ அத்தன தடவ. ஓடுறது தப்பில்ல. ஓடிப்போச்சுன்னு எப்பத் தெரியுதோ, அங்கதான் பயிற்சியே இருக்கு.” பிறகு எரிச்சலோடு சேர்த்துக்கொண்டாள்: “இப்பகூட உங்ககிட்டப் பேசிக்கிட்டே மாடிச் சாவிய எங்க தொலைச்சேன்னு யோசிக்கிறேன். எனக்கு மட்டும் மனசு கட்டிப்போட்டா கிடக்கு?”

அந்தச் சிடுசிடுப்புதான் ருமியானாவை நிறுத்தியது. தேன்குரலை அவள் நம்பவில்லை. சாவியைத் தொலைத்தவளை நம்பினாள்.

நடந்தாள். குதிகால், நடுப்பாதம், விரல்கள். இரண்டடிக்குள் ஆஸ்திரியா. திரும்பக் கூட்டி வந்தாள். கையை மெல்ல உயர்த்தி இறக்கும் பயிற்சியும் உண்டு. தோள் எங்கே என்று பார்ப்பதற்குள் மனம் வியன்னா சுங்கச் சாவடியில் நின்றது. வெள்ளாட்டை ஓட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. பக்கத்துப் பெண்மணி ஊறுகாய் போடுவதைப் பற்றி ஓயாமல் பேசினாள். முழங்கால் வலித்தது. வாராவாரம், “இதுதான் கடைசி” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

பயம் போகவில்லை. மாத்திரையும் நிற்கவில்லை. ஆனால் வசந்தம் வருவதற்குள் ஒன்று மாறியிருந்தது. முன்பெல்லாம் மனம் ஊரைவிட்டுப் போய் அரைமணி கழித்துத்தான் அவளுக்குத் தெரியவரும். இப்போது வாசலைத் தாண்டும்போதே தெரிந்தது.

அரங்குக்குத் திரும்பினாள். வெலிஸார் அவளை நம்பாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக முழு நாடகத்தையும் மனப்பாடம் செய்திருந்தான். அடுத்தவர் வசனத்துக்கும் உதடு அசைத்தான். அதைப் பார்க்கவே அவளுக்குக் கடுப்பாக இருந்தது. தடுமாறியது இளம் நடிகை கலினா. அவள் வாய் திறந்து நின்ற நொடியில் ருமியானா ஒரு எல்லைச் சாவடியில் இருந்தாள். பாதத்தைத் தரையில் அழுத்தினாள். வரி கண்ணில் பட்டது. சொன்னாள். சற்றுத் தாமதம்தான், சபைக்குத் தெரியவில்லை.

“இன்னும் கொஞ்சம் வேகமா சொல்லியிருக்கலாம்” என்றான் வெலிஸார், திரை விழுந்ததும்.

“உனக்கு என்னடா பிரச்சினை? நீதான் இப்ப நடமாடுற பிரதியாச்சே!”

அவன் ஒப்பனை அறை வாசலிலேயே நின்றான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்: “அந்த சனிக்கிழமைக்கு அப்புறம் மேடை ஏறினாலே நெஞ்சு படபடங்குதுக்கா. வீட்டுல சொன்னா சிரிக்கிறாங்க. அந்த வகுப்பு... ஆம்பளைங்களையும் சேர்த்துக்குவாங்களா?”

ருமியானாவுக்கு அவனை அடிக்கலாமா அணைக்கலாமா என்று தெரியவில்லை. “செவ்வாய்க்கிழமை வா. கிழியாத காலுறை போட்டுட்டு வா” என்றாள்.

வந்தான். முதல் வரிசையில் மெதுவாக, மிக மெதுவாக, அரசன் பட்டாபிஷேகத்துக்கு நடப்பது போல நடந்தான். பெண்கள் தங்கள் பாதங்களை மறந்து அவனையே பார்த்தார்கள். மிலேனா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“நடிக்காதடா, நட!” என்று பின்னாலிருந்து பல்லைக் கடித்துச் சொன்னாள் ருமியானா.