டயப்பர் பெட்டிக்குக் காவல் இருந்த ஏழு நாள்

சூப்பர் மார்க்கெட்டில வேலை பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு நல்லாத் தெரியும்: ஜனங்க கடையில எதை வேணும்னாலும் எடுத்துப் பார்ப்பாங்க, எழுதி வச்ச போர்டை மட்டும் படிக்க மாட்டாங்க. கடை கண்ணியில நின்னு காலம் தள்ளுற என் சக பாவப்பட்டவங்களே, இது உங்களுக்காக.

நான் மலையாளம் பேசுற ஊர்ல, கரமனையில ஒரு கடையில பதினாலு வருஷமா சூப்பர்வைசர். காலையில நான் வர்ற பஸ்ல லீலாம்மான்னு ஒருத்தங்க வருவாங்க. பெத்தவங்க விட்டுட்டுப் போன பச்சைக் குழந்தைங்களை வளர்க்கிற ஒரு சின்ன இல்லத்தில ஆயாவா இருக்காங்க. ஒருநாள் அவங்க முகமே சரியில்ல. மாசாமாசம் டயப்பர் வாங்கிக் கொடுத்த புண்ணியவான் துபாய்க்குப் போயிட்டாராம். "பதினோரு குழந்தை ராஜி மோளே, ஒண்ணுக்கும் மூணு மாசம் ஆகல. மழையில துணி காய மாட்டேங்குது. ஈரத் துணி கட்டிக் கட்டி தொடையெல்லாம் புண்ணு. கையில இருக்கிற டயப்பர் ஞாயிறு வரைக்கும்தான் வரும்"னு சொன்னாங்க. எனக்கு வாய் எப்பவும் மூளைக்கு முன்னாடி ஓடும். "கவலைப்படாதீங்க, ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டாங்க, நான் ரொப்பித் தரேன்"னுட்டேன்.

எங்க மேனேஜர் பிரதீப் சார் தாராளமானவர்தான், இடம் விஷயத்தில மட்டும் இல்ல. வாசல் பக்கம் ஒரு பெரிய பெட்டி வைக்க ஒரு வாரம் விட்டாரு. அப்புறம் அந்த இடம் பிஸ்கட் கம்பெனிக்காம். "ஞாயிறு ஆறு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது, கேட்டோ?"

இதுக்கு என்ன ஃப்ரீ?

'குழந்தைகள் இல்லத்துக்கு: புதிய பொருள், மிகச் சின்ன சைஸ் டயப்பர்'னு தமிழ், மலையாளம் ரெண்டிலயும் கொட்டை எழுத்தில எழுதி ஒட்டினேன். பெட்டி காலியா இருந்தா நல்லா இருக்காதேன்னு என் கைக்காசில ரெண்டு சின்ன பாக்கெட் வாங்கி உள்ள போட்டேன். நான் மறந்துபோனது என்னன்னா, போன வாரம் வரைக்கும் அதே இடத்திலதான் ஆஃபர் தொட்டி இருந்துச்சு.

பத்து நிமிஷத்தில ஒரு சேட்டன் என் பாக்கெட் ரெண்டையும் தூக்கிட்டு பில் போட வந்துட்டாரு. நான் ஓடிப் போய் மறிச்சேன். அநாதைக் குழந்தைங்க, மழை, புண்ணு எல்லாத்தையும் சொன்னேன். அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பாக்கெட்டைக் கொண்டுபோய் பத்திரமா பெட்டியில வச்சாரு. திரும்பி வந்து மெதுவாக் கேட்டாரு: "அப்ப இதுக்கு ஃப்ரீ ஒண்ணும் இல்லையா?"

கஞ்சத்தனம் ஆகாது

ரெண்டாம் நாள் சாயங்காலம், திருநெல்வேலிப் பக்கத்திலேருந்து கட்டட வேலைக்கு வந்த நாலு பேர் வந்தாங்க. சிமென்ட் ஒட்டின கையோட போர்டை ஒருத்தர் படிக்க, மத்தவங்க கேட்டாங்க. படிச்சாங்க பாருங்க, எனக்குக் கும்பிடத் தோணுச்சு! நாலு பேரும் காசு சேர்த்து ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்து போட்டாங்க. எட்டிப் பார்த்தா, கடையிலேயே பெரிய சைஸ். ஓடித் திரியுற பிள்ளைக்குப் போடுறது.

"அண்ணாச்சி, சின்னது வேணும். எல்லாம் இத்தனூண்டு குழந்தைங்க"ன்னேன். மேஸ்திரிக்குக் கோவம் வந்துடுச்சு. "ஏக்கா, குடுக்கிறதே ஒரு பாக்கெட்டு. அதையும் சின்னதாப் பாத்தா குடுப்பாங்க?"

அந்த வாரம் பூரா இதே கதைதான். யாரைக் கேட்டாலும் பெருசாக் கொடுத்தாத்தான் தர்மம். உச்சகட்டமா, ரிட்டயர்டு சார் ஒருத்தர் பெரியவங்க கட்டுற டயப்பர் ஒரு கட்டு கொண்டுவந்தாரு. இது முதியோருக்கு சார்னு நான் சொன்னதுக்கு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தாரு. "பிள்ளேரு வளருமில்லே மோளே?"

ஷாஜி கண்ணை மூடிட்டாரு

புதன்கிழமை குடியிருப்போர் சங்கத்திலேருந்து ஆறு பேர் வெள்ளை வேட்டியில வந்து இறங்கினாங்க. ஆறு பேருக்கும் சேர்த்து கையில ஒரு வெட் வைப்ஸ் பாக்கெட். அதை ஆறு பேரும் பிடிச்சுக்கிட்டு எனக்குக் கொடுத்தாங்க. போட்டோ எடுத்தாங்க. ஷாஜின்னு ஒருத்தர் கண்ணை மூடிட்டாரு. என் கையிலேருந்து திரும்ப வாங்கி மறுபடி கொடுத்தாங்க. இந்தத் தடவை தலைவர் தும்மிட்டாரு. இப்படியே நாலு தடவை அதே பாக்கெட்டை தானம் வாங்கினேன். பில் கவுண்டர் வரிசை பால் பிரிட்ஜ் வரைக்கும் போயிடுச்சு.

அப்புறம் தலைவருக்கு, பெட்டி நிறைஞ்சு தெரியணுமேன்னு தோணிப்போச்சு. ஷெல்ஃபிலேருந்து சின்ன டயப்பர், பவுடர், பால் பாட்டில்னு அள்ளி அள்ளிக் கொண்டுவந்து கொட்டினாங்க. எனக்கு வயித்தில பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. சத்தியமாச் சொல்றேன், மனசுக்குள்ள அந்த ஆளுக்குக் கோயில் கட்டிட்டேன். போட்டோ முடிஞ்சதும் எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்கிட்டு போயி கண்ட இடத்தில வச்சுட்டாங்க. பால் பாட்டிலை மறுநாள் ஊறுகாய் வரிசையிலேருந்து கண்டுபிடிச்சேன். போகும்போது தலைவர் சொன்னாரு: "மேடம், போட்டோவில ஒண்ணு சிரிச்சிருக்கலாம் கேட்டோ."

ஒரே ஆள் கட்டினது

வலியசாலையிலேருந்து ஒரு மாமி, வெளுத்து மடிச்ச எட்டு பழைய வேட்டியோட வந்தாங்க. புதுசுதான் வாங்குவோம் மாமின்னு போர்டைக் காட்டினேன். பச்சைக் குழந்தை உடம்புக்குப் புதுத் துணி குத்தும், பழசுதான் பஞ்சா இருக்கும்னு எனக்குப் பாடம் நடத்தினாங்க. சட்டம் பேசினேன். மாமி அசரல. "எங்காத்து மாமா ஒருத்தர்தான் கட்டிண்டார். வேற யாரும் தொடல. புதுசுன்னே எழுதிக்கோ."

ஞாயிறு மூணு மணி

பெட்டி வழிஞ்சுது. பவுடர், கிலுகிலுப்பை, ஒரு மூணு சக்கர சைக்கிள், மலை மாதிரி பெரிய டயப்பர். சின்ன சைஸ் எத்தனைன்னு தோண்டித் தோண்டிப் பார்த்தேன். ரெண்டே ரெண்டு. அதுவும் நான் போட்டது. பதினோரு குழந்தைக்கு ஒரு நாள் தாங்காது. ஷெல்ஃபில சின்ன சைஸ் அடுக்கடுக்கா இருக்கு, ஆனா பில் போட்டதை மாத்திக் கொடுக்க கடையில வழி இல்ல. இந்தக் கடையில அது என்னிக்குமே விக்கிறதில்ல, ஏன்னு எனக்கும் புரிஞ்சதில்ல.

லீலாம்மா போன் பண்ணினாங்க. கடைசி பாக்கெட்டைப் பிரிச்சாச்சாம். வண்டி ஆறு மணிக்கு வந்துடும்னு சந்தோஷமா வேற சொன்னாங்க. நான் அரிசி மூட்டைக்குப் பின்னாடி போய் நின்னு அழுதேன். மறைக்க என்ன இருக்கு, வாய்க்கொழுப்புக்கு அழுதேன். அங்கயும் பிரதீப் சார் அளவு டேப்போட வந்துட்டாரு. மலையாளத்தில அழறதைக் கரையுறதுன்னுதான் சொல்வாங்க. "ராஜி, கரையும்போது கொஞ்சம் தள்ளி நின்னு கரையாமோ? பிஸ்கட் ஸ்டாண்டு முதல்ல இங்கயாணு இறக்கணும்."

நமக்கு இல்லையே

நாலு மணிக்கு, பக்கத்து அக்ரஹாரத் தெருவிலேருந்து ஒரு மாமியாரும் எட்டு மாச கர்ப்பிணி மருமகளும் வந்தாங்க. மருமக குழந்தை ஷெல்ஃப் முன்னாடி நின்னு, கட்டைவிரல் அளவு சாக்ஸைத் தடவிக்கிட்டு இருந்தா. மாமியார் வெடுக்குன்னு இழுத்தாங்க. "பொறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணும் வாங்கப்படாது. தொடாதேங்கறேன்!"

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. பொறக்குறதுக்கு முன்னாடி வாங்க மாட்டாங்க. பொறந்தப்புறம் பழைய வேட்டி. பிள்ளை தவழும்போதுதான் இந்தப் பக்கமே வருவாங்க. அப்புறம் சின்ன சைஸ் எங்க விக்கும்?

நேராப் போனேன். "மாமி, இது உங்க குழந்தைக்கு வேண்டாம். அங்க பதினோரு குழந்தை டயப்பர் இல்லாம கிடக்கு"ன்னேன். மாமி என்னை உத்துப் பார்த்தாங்க. "எல்லாம் பொறந்தாச்சா? நிச்சயமா?" பதினொண்ணும் பொறந்து கத்திக்கிட்டு இருக்குன்னேன். மாமி ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. அப்புறம் புடவைத் தலைப்பை இடுப்பில சொருகினாங்க பாருங்க! "நமக்கு இல்லையே, அப்போ தோஷமில்லே"ன்னு சொல்லிட்டு மருமகளுக்கு முன்னாடி அவங்க கை நீண்டுது. சின்ன சைஸ் பாக்கெட், தொப்பி, சாக்ஸ். எட்டு மாசமா அவங்களுக்கும் ஆசை இருந்திருக்கு, பாவம். மருமகளோ மஞ்சளா பச்சையான்னு ஒவ்வொண்ணையும் கன்னத்தில வச்சுப் பார்த்தா.

மாமி அங்கேயே நின்னு தெருவுக்குப் போன் போட்டாங்க. பிரசவத்துக்கு வந்திருக்கிற பொண்ணுங்க அந்தத் தெருவில இன்னும் மூணு பேர். அரைமணியில ரெண்டு ஆட்டோ நிறைய அம்மாக்கள், அத்தைகள், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மூணு பொண்ணுங்க. வாங்கக் கூடாது வாங்கக் கூடாதுன்னு மாசக்கணக்கா கையைக் கட்டி வச்ச கூட்டம். சின்ன சைஸுக்கு ரெண்டு அத்தைகள் சண்டையே போட்டாங்க! ஆறு மணிக்கு லீலாம்மா வந்து பார்த்துட்டு, ஒரு பாக்கெட்டை மடியில வச்சுக்கிட்டு அப்படியே வாசப்படியில உக்காந்துட்டாங்க. ஸ்டாண்டோட வந்த பிஸ்கட் கம்பெனிக்காரரை மாமி விடல, அவர்தான் வண்டியில மூட்டை ஏத்தினாரு. எல்லாரும் போனப்புறம் அந்த மருமக மட்டும் திரும்பி வந்து, மாமியாருக்குக் கேக்காம என் காதுகிட்ட சொன்னா: "அக்கா, அடுத்த ஞாயித்துக்கிழமையும் பெட்டி வைங்கோ. நேக்கு இன்னும் இருபத்தஞ்சு நாள் இருக்கு."

பொறக்குற வரைக்கும் ஒரு பொத்தான்கூட வாங்க மாட்டோம்னு வைராக்கியமா இருந்த தெருதான், யார் பெத்ததுன்னே தெரியாத பதினோரு பிள்ளைங்களுக்காக என் ஷெல்ஃபைத் துடைச்சு வச்சுட்டுப் போச்சு.