பூதத்தின் வாய்க்குள் அண்ணியின் கை

பேயைக் கண்டு பயப்படுகிறவர்கள் கோடிக்கணக்கில் உண்டு. தானே உட்கார்ந்து ஒரு பேயைச் செய்து, அதற்குத் தலையாட்டவும் கை வீசவும் கற்றுக்கொடுத்து, கற்றுக்கொடுத்த சூட்டோடு அதைக் கண்டு நடுங்குகிறவள் ஒருத்திதான் உண்டு. அவளுக்கு டெஸ்டர் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதை வங்கிக்காரர்கள் மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

ரேடியோ தொழிற்சாலையில் ஈயப் பற்றுவைக்கும் வரிசையில் வேலை பார்த்த காலத்தில் கூட இருந்த பெண்கள் சூட்டிய பட்டம் அது. ஸ்குரூ டிரைவர் மாதிரி இருக்குமே, கரண்ட் உள்ள இடத்தில் வைத்தால் உள்ளுக்குள் சின்னதாக விளக்கெரியுமே, அந்த டெஸ்டர். மற்றவர்களுக்கு உறைக்காத அளவு ஆபத்து வந்தாலே இவள் முகத்தில் விளக்கெரிந்துவிடும். பல்லி, லிப்ட், எதிர்பாராத நேரத்தில் மணியடிக்கும் போன், எதிர்பார்த்த நேரத்தில் மணியடிக்காத போன், எல்லாமே அவளுக்கு ஒன்றுதான். நாய் தூங்கிக்கொண்டிருந்தாலும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவாள்; அது தூக்கத்தில் நடக்கிற நாயாக இருந்தால் என்ன செய்வது? கேஸ் அடுப்பின் குமிழை மூடிவிட்டுப் படுப்பாள். எழுந்து போய் மூடியிருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு, பார்த்தது சரியாகப் பார்த்ததுதானா என்று பார்க்கப் போவாள்.

இதை வைத்து அவளைக் கோழை என்று முடிவு கட்டுகிறவர்கள் அவசரக்காரர்கள். பயம் ஒரு தொழில். அதை அவள் முழு நேரமாகப் பார்த்தாள், அவ்வளவுதான்.

தொழிற்சாலை மூடப்பட்டது. அதற்குள் கல்யாணமும் ஆகியிருந்தது. வீட்டுக்காரரை ஊரில் எல்லோரும் முதலாளி என்றுதான் கூப்பிட்டார்கள். அவரிடம் முதல் மட்டும்தான் இல்லை, மற்ற லட்சணங்களெல்லாம் முதலாளிக்கு உரியவைதான். குடை வாடகைக்கு விட்டுப் பார்த்தார், மழை ஒத்துழைக்கவில்லை. ஐஸ் விற்றுப் பார்த்தார், வெயில் ஒத்துழைக்காமல் போனது. கடைசியில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கைப் பிடித்து, உள்ளே கறுப்புத் துணி கட்டி, 'ஐயோ மாளிகை' என்று பலகை மாட்டினார். டிக்கெட் எடுத்து உள்ளே போகிறவர்கள் ஐயோ என்று வெளியே வர வேண்டும். அதற்கு அசையும் பேய்கள் வேண்டும். பேயை அசைக்க டெஸ்டர் வேண்டும்.

அதற்கு அவள் செய்தது பழைய மாதிரி சர்க்யூட் போர்டு. எப்போதோ நின்றுபோன ஒரு பொழுதுபோக்கு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வந்த படத்தின் நகல், அதுவும் நகலின் நகல். புதிய போர்டுகள் கம்ப்யூட்டர் கேட்கும். இதற்குக் கை போதும். ஒரு சின்ன நெம்புகோலைப் பிடித்து அசைத்தால் பொம்மையும் கூடவே அசையும். போர்டு அதை மனப்பாடம் செய்துகொள்ளும். பிறகு நாள் முழுக்கச் சலிக்காமல் அதையே ஒப்பிக்கும்.

இதில் ஒரு விசேஷம் நேர்ந்தது. நெம்புகோலைப் பிடித்தது டெஸ்டரின் கை என்பதால், மாளிகையில் இருந்த பேய்கள் அத்தனையும் பயந்த பேய்களாக அமைந்துவிட்டன. எலும்புக்கூடு சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தது. வெள்ளைச் சேலைக்காரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். தலையில்லாத முண்டம்கூட எதையோ கேட்டதுபோல் தோளைக் குறுக்கிக்கொண்டது. பார்த்தவர்கள் இரண்டு மடங்கு அலறினார்கள். பேயே பயப்படுகிறதென்றால், பின்னால் நிற்பது என்ன?

அந்தப் பேய்களுக்கு உடை தைத்தவள் முதலாளியின் அக்கா. டெஸ்டருக்கு நாத்தனார், கூப்பிடுவது அண்ணி என்று. தையல் மிஷினிலேயே பிறந்து வளர்ந்தவள்போல் இருப்பாள். அந்த இரண்டு கைகள்தான் அந்த வீட்டின் நிஜமான முதல். முதலாளியின் தொழில்கள் படுத்தபோதெல்லாம் அடுப்பு எரிந்தது அண்ணியின் மிஷின் ஓடியதால்தான். டெஸ்டர் பயப்படும் பட்டியலில் அண்ணிக்கு லிப்டுக்கு மேலே இடம்.

ஐந்து மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. அண்ணி எலும்புக்கூட்டுக்கு அங்கி தைத்தபோது ஊசி வயருக்குள் இறங்கி, ஒரு போர்டு புகைந்து போனது. துணி தைக்கிறவர்களுக்கு வயர் என்ன தெரியும் என்று டெஸ்டர் முணுமுணுத்தாள். செத்தவனுக்குச் சட்டை தைக்கத்தான் நான் பிறந்தேனா என்று அண்ணி கேட்டாள். அதோடு சரி. அன்றிலிருந்து எல்லாப் பேச்சும் முதலாளி வழியாக. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். உப்பு அண்ணியின் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். "உப்பைத் தள்ளச் சொல்லுங்க" என்பாள் இவள். "தள்ளச் சொல்றா" என்பார் அவர். அண்ணி தள்ளுவாள். உப்பு வரைக்கும் இந்த ஏற்பாட்டில் உயிர்ச்சேதம் இல்லை.

அப்புறம் பூதம் வந்தது. ஆள் நுழையும் அளவுக்கு வாய். அவ்வளவு பெரிய தாடையை மோட்டார் தாங்காது என்பதால் காற்றழுத்தத்தில் இயங்க வைத்தார்கள். ஒரு பெரிய டேங்க், அதிலிருந்து குழாய், குழாயில் ஒரு வால்வு. போர்டு சொன்னால் வால்வு திறக்கும், தாடை மூடும்.

போர்டில் எல்லாம் பொருத்தியாகிவிட்டது, ஒரு ரெசிஸ்டரைத் தவிர. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய சமாச்சாரம், கடையில் தீர்ந்துபோயிருந்தது. மின்சாரம் வந்ததும் போர்டின் மூளை உடனே விழித்துக்கொள்ளாது. கொட்டாவி விட்டு, நான் யார், எங்கே இருக்கிறேன் என்று யோசித்த பிறகுதான் வேலைக்கு வரும். அந்த ஒரு கணம் வால்வு தானாகத் திறந்துவிடாமல் பிடித்துக்கொள்வது அந்த ரெசிஸ்டர். அது இல்லாவிட்டால் மின்சாரம் வந்த நொடியில் பூதம் ஒருமுறை லபக்கென்று வாயை மூடித் திறக்கும். டெஸ்டர் அதன் வாயில் ஒரு விளக்குமாற்றுக் கட்டையை வைத்துப் பார்த்தாள். கட்டை இரண்டாகப் போனது.

முதலாளி அசரவில்லை. பூதம்தானே, ஒரு தடவை கொட்டாவி விட்டால் விடட்டும் என்று போர்டைத் தூக்கிக்கொண்டு போய், டேங்கோடு சேர்த்துப் பின்னறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். டெஸ்டர் பின்னாலேயே போய், சுவிட்ச் போடும் நேரத்தில் பூதத்தின் கிட்டத்தில் யாரும் இருக்கக் கூடாது, இதை அண்ணியிடமும் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றாள். சொல்கிறேன் என்றார். சொல்லவும் செய்தார்.

ஒரு மத்தியானம், திறப்பதற்கு முன்பாக, தெரு முழுவதும் மின்சாரம் போனது. டெஸ்டர் வாசலில் டிக்கெட் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிர்க்கடைக்காரர்கள் விசிறிக்கொண்டே வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள், மின்சாரம் அங்கிருந்துதான் வரும் என்பதுபோல. முதலாளி டீசல் கேனோடு வந்தார். ஜெனரேட்டரைப் போடப் போகிறாராம்.

"பூதத்துக்கு உதடு கிழிஞ்சிருக்கு. அக்கா வாய்க்குள்ள கைவிட்டுத் தைச்சுட்டிருக்கு," என்றார். "நீ சொன்ன மாதிரியே கரண்ட் இல்லாத நேரமாப் பாத்துதான் கை வச்சிருக்கு. இனிமே அக்காவைக் குறை சொல்லாதே."

சொல்லிவிட்டு வெளிப்பக்கச் சந்தில் நடந்துவிட்டார்.

அந்த வாக்கியம் டெஸ்டரின் காதில் நுழைந்து, கொட்டாவி விட்டு, நான் யார் என்று யோசித்து, பிறகுதான் விழித்துக்கொண்டது. அதற்குள் அவர் மூலை திரும்பியிருந்தார். சுவிட்ச் போடும்போது கிட்டே இருக்காதே என்பது, கரண்ட் இருக்கும்போது கை வைக்காதே என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. கரண்ட் போனாலும் டேங்கிலிருக்கும் காற்று போகாது. ஜெனரேட்டர் பிடித்த நொடியில் பூதம் வாயை மூடும்.

அவருடைய போனுக்கு அடித்தாள். போன் அண்ணியிடம் இருந்தது, வெளிச்சத்துக்காக. அண்ணி பெயரைப் பார்த்திருப்பாள், துண்டித்துவிட்டாள்.

வெளிச்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஜெனரேட்டருக்கு ஓடினால் தூரம். உள்ளே பேய்களின் நடைபாதை வழியாகப் போனால் பூதம் பக்கம். விளக்கு இல்லாமல் அந்தப் பாதையில் அவள் ஒருநாளும் நடந்ததில்லை. எந்தப் பேய்க்கு எந்த வயர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். தூக்கம் வராததற்குக் காரணமும் அதே பேய்கள்தான்.

கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு நுழைந்தாள். உள்ளே கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருந்தது. சுவரைத் தடவிக்கொண்டே போனாள். சுவர் என்று நினைத்தது வெள்ளைச் சேலைக்காரியின் முகமாக இருந்தது. தோளை எதுவோ பிடித்தது, எலும்புக்கூட்டின் விரல். "மன்னிச்சுக்கோ" என்று அதனிடம் சொல்லிவிட்டு விரலை விடுவித்துக்கொண்டாள். பின்புறச் சுவருக்கு அப்பால் ஜெனரேட்டரின் கயிற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. எஞ்சின் கடகடவென்று இருமி அடங்கியது. முதலாளி அதைத் திட்டினார். தெருவில் எல்லோரும் கரண்ட் வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த நேரத்தில், வரக் கூடாது, இன்னும் கொஞ்சம் வரக் கூடாது என்று ஒரே ஒரு ஆத்மா வேண்டிக்கொண்டே ஓடியது.

அண்ணி ஸ்டூலில் நின்றிருந்தாள். எரியும் போனைத் தன் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியிருந்தாள். வலது கை முழங்கைவரை பூதத்தின் வாய்க்குள். சிவப்பு வெல்வெட் உதட்டை உள்பக்கமாக மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கத்திரிக்கோல் கீழ்த்தாடையில் கிடந்தது.

"அண்ணி, கையை வெளிய எடுங்க."

ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. அண்ணி திரும்பவில்லை. பூதத்தைப் பார்த்தே பேசினாள். "இங்க யாரோ பேசுற மாதிரி இருக்கு. எதுவா இருந்தாலும் தம்பிகிட்ட சொல்லி அனுப்பச் சொல்லு."

"அவர்கிட்ட சொல்லி அனுப்புனதுதான் வினையே. கரண்ட் இருக்கறப்ப இல்ல அண்ணி, வர்றப்பதான் ஆபத்து. டேங்க்ல காத்து அப்படியே இருக்கு. வந்ததும் கடிச்சுரும்."

"நேத்துப் பல்லிக்குப் பயம், இன்னைக்குக் காத்துக்குப் பயம்," என்று அண்ணி பூதத்திடம் முறையிட்டாள். "நாலு தையல் பாக்கி. முடிச்சிட்டு எடுக்கறேன்னு அவகிட்ட சொல்லிடு."

டெஸ்டர் தோளைப் பிடித்து இழுத்தாள். மிஷின் ஓட்டிய உடம்பு அசையவில்லை. இடது முழங்கையால் ஒரு இடி மட்டும் கிடைத்தது. சுவருக்கு அப்பால் மறுபடி கயிறு இழுபட்டது. இந்த முறை எஞ்சின் முன்னைவிட நெடுநேரம் இருமியது. பிடிக்கப் போகிறது. வாயில் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. சொன்னாலும் பூதத்துக்குத்தான் போய்ச் சேரும்.

டெஸ்டர் ஸ்டூலின் ஓரத்தில் ஒரு காலை வைத்து ஏறி, தன் வலது கையைப் பூதத்தின் வாய்க்குள் விட்டாள். அண்ணியின் கை எங்கே இருந்ததோ அதற்குப் பக்கத்தில், அதே ஆழத்துக்கு.

அண்ணி திரும்பினாள். "பைத்தியமா உனக்கு? எடு கையை."

"நீங்க எடுத்தா நானும் எடுப்பேன்."

வாய்க்குள்ளே, வெல்வெட்டுக்கு நடுவில், அந்தக் கை அண்ணியின் கைமேல் பட்டது. ஐஸ்போல் குளிர்ந்து, ஈரமாக, எலி மாதிரி நடுங்கியது. அண்ணி இத்தனை வருஷத்தில் அவளுடைய பயத்தைப் பார்த்திருக்கிறாள், கேட்டிருக்கிறாள், கேலி செய்திருக்கிறாள், தொட்டதில்லை. கேஸ் குமிழை மூன்று தரம் பார்க்கிறவள் காரணமில்லாமல் இங்கே கை வைப்பாளா? வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணிக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. ஊசியை அப்படியே விட்டாள். கையை இழுத்தாள். இழுத்த வேகத்தில் டெஸ்டரின் கையையும் சேர்த்தே பிடுங்கினாள். இருவரும் ஸ்டூலோடு பின்னால் சாய்ந்தார்கள்.

எஞ்சின் பிடித்தது. விளக்குகள் வந்தன. பூதம் வாயை மூடித் திறந்தது. கீழ்த்தாடையில் கிடந்த கத்திரிக்கோலின் ஒரு கைப்பிடி உடைந்து அண்ணியின் காலடியில் விழுந்தது.

சுற்றிலும் எல்லாப் பேய்களும் ஒன்றாக விழித்தன. எலும்புக்கூடு பின்னால் திரும்பிப் பார்த்தது. சேலைக்காரி நெஞ்சில் கை வைத்தாள். முண்டம் தோளைக் குறுக்கியது. நடுவில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றதை யாராவது டிக்கெட் எடுத்து வந்து பார்த்திருந்தால், அதையும் காட்சியில் சேர்த்துக்கொண்டு அலறியிருப்பார்கள்.

முதலாளி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார், ஜெனரேட்டரைப் பற்றிப் பெருமையாக ஏதோ சொல்ல. அண்ணி உடைந்த கைப்பிடியை அவரிடம் நீட்டினாள்.

"இவ உன்கிட்ட என்னடா சொன்னா? நீ என்கிட்ட என்ன சொன்னே?"

அவர் கைப்பிடியைப் பார்த்தார், பூதத்தைப் பார்த்தார். "அதையேதான் சொன்னேன்," என்றார். "கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன்."

அன்று மாளிகை திறக்கவில்லை. ரெசிஸ்டர் வாங்கி வர முதலாளி தொலைவிலுள்ள கடைக்குத் துரத்தப்பட்டார். இந்த முறை பொருளின் பெயரைச் சுருக்காமல் சொல்லும்படி. வீட்டு மேஜையில் டெஸ்டர் பற்றுவைத்தபோது அண்ணி பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டாள். விளக்குதான் ஆடிக்கொண்டிருந்தது. நேராகப் பிடியுங்கள் அண்ணி என்று இவள் நேரடியாகவே சொன்னாள். அவள் நேரடியாகவே திட்டினாள்.

போர்டை மாட்டினார்கள். எல்லோரும் எட்ட நிற்க, மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தார்கள். பூதம் வாயைத் திறந்தபடி சாதுவாக இருந்தது.

"இனிமே கடிக்காதா?" என்றாள் அண்ணி.

"கடிக்காது அண்ணி."

"எங்க, கை வச்சுக் காட்டு."

"மாட்டேன்," என்றாள் டெஸ்டர்.

அண்ணியும் மறுபடி கேட்கவில்லை, அவளும் வைக்கவில்லை. இருவரும் முதலாளியைப் பார்த்தார்கள்; அவருக்கு இடுப்பில் சாவி இருந்தது, பின்னறையில் அவசர வேலையும் இருந்தது. நாலு தையல் பாக்கியாகவே நிற்கிறது. பூதத்தின் உதட்டிலிருந்து இன்றைக்கும் ஒரு நூல் தொங்குகிறது, நுனியில் ஊசியோடு. அது எதற்கு என்று டிக்கெட் எடுத்தவர்கள் கேட்கிறார்கள். யாரும் கை நீட்டித் தொட்டுப் பார்த்ததில்லை.