பி பக்கத்தின் ஏழாவது பாட்டு

சித்தி வீட்டு அலமாரியில் பதினாறு கேசட்டுகள் இருந்தன. குற்றாலச் சாரலில் நாடாவெல்லாம் பூஞ்சை பிடிப்பதால், அவற்றைக் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்றேன். மென்பொருள் வேலை பார்க்கிறவள் நான். எண், பக்கம், பாட்டு, நிலை என்று நான்கு பத்திகளில் பட்டியல் போட்டுத்தான் தொடங்கினேன்.

ஒன்பதாவது கேசட், கல்யாணமான புதிதில் சித்தப்பா சித்திக்குப் பதிந்து கொடுத்தது. பக்கத்துக்கு ஆறு பாட்டு. அட்டையில் அவருடைய கையெழுத்து.

சித்தப்பா போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். அந்த கேசட்டைப் பற்றி மட்டும் மூன்று முறை விசாரித்தார்.

"ஏட்டி, கடைசி வரைக்கும் ஓடவிட்டியா?"

முதல் இரண்டு முறையும் ஆமாம் என்றேன். மூன்றாவது முறைதான் உறைத்தது. பதினைந்து விநாடி சத்தம் இல்லையென்றால் பதிவு தானாக நின்றுவிடும்படி நான்தான் அமைத்திருந்தேன். இயர்போனை மாட்டிக்கொண்டு மறுபடி ஓடவிட்டேன். பி பக்கத்தில் ஆறாவது பாட்டு முடிந்து இரண்டு நிமிடம் லேசான நாடா இரைச்சல் மட்டும். பிறகு ஒரு செருமல். வாத்தியம் எதுவும் இல்லாமல் ஓர் ஆண்குரல் பாடியது. இளவயது சித்தப்பா.

அவர் பாடி நான் கேட்டதே இல்லை. சித்திக்கு இது தெரியுமா என்று அவரிடம் கேட்டேன்.

"கேக்காமயா இருப்பா? பிடிக்கல போல. அதான் ஒண்ணும் சொல்லல. விடு."

முப்பது வருடமாக அப்படித்தான் நினைத்திருக்கிறார். அதன்பின் வீட்டில் பாடவேயில்லை.

எனக்குச் சித்தியின் பழக்கம் ஒன்று தெரியும். கடைசிப் பாட்டு முடிந்த கையோடு எழுந்து போய் நிறுத்திவிடுவாள். வெறும் நாடா ஓடினால் டேப் ரெக்கார்டரின் ஹெட் தேய்ந்துபோகும் என்பது அவள் நம்பிக்கை. என் மென்பொருளும் அதையேதான் செய்திருந்தது.

சித்திக்குப் போட்டுக் காட்டட்டுமா என்றேன். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. இயர்போனைப் பிடுங்கிவிட்டு, பாட்டு தொடங்கும் இடத்துக்கு நாடாவைச் சுற்றி, சித்தியைக் கூப்பிட்டேன்.

ஈரக் கையோடு வந்தவள் நின்றபடியே முழுதும் கேட்டாள். ஆறாவது பாட்டுக்குப் பிறகு இரண்டு நிமிடம் வெறும் நாடா ஓடித்தான் இது வருகிறது என்றேன்.

"இத எப்ப பாடுனீய?"

"அப்பவேதான். நீ கேட்டுட்டுத்தான் சும்மா இருக்கன்னு நெனச்சேன்."

"நான் எங்க கேட்டேன்? அதுக்கு முன்னால எதுக்கு அம்புட்டு நேரம் வெறுமனே விட்டீய?"

"உடனே வந்தா கூச்சமா இருக்கும்லா."

"நான்தான கேக்கணும், உங்களுக்கு என்ன கூச்சம்?" சித்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "சுருதி ஒரு பக்கம் போகுது, நீங்க ஒரு பக்கம் போறீய. இன்னொரு தடவ போடுட்டி."

நடுவில் இருக்கும் வெற்று நேரத்தை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். அவிய விட்டபடியே இருக்கட்டும்."

ஆறாவது பாட்டிலிருந்து போட்டேன். அது முடிந்து இரைச்சல் தொடங்கியது. சித்தப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி எழுந்திருக்கவில்லை.